ஐந்துக்கு ஐந்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

கடிதத்தைப் பார்த்ததும் பதறிவிடாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. போனில் எனக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வராது என்பது உனக்கே தெரியும். எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் வருகிறது.

அடுப்படிக் குழாய் ஒழுகுவதை நிறுத்தியாயிற்று. உன் அறை ஜன்னலைத் தினமும் திறந்து மூடுகிறேன். சமையல்தான் இன்னும் கைக்கு அடங்கவில்லை. ஒரு ஆளுக்கு என்று ஆரம்பித்தாலும் இரண்டு பேருக்கு வந்து நிற்கிறது. மிச்சத்தை மறுநாள் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

கல்லூரியில் எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். மாணவர்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று அளந்து சொல்ல வேண்டும். பாடம், ஆசிரியர், வகுப்பறை, கேன்டீன் என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்பது. பெரிய பல்கலைக்கழகம் என்றால் இதற்குத் தனி அலுவலகமே இருக்கும். எங்கள் சமுதாயக் கல்லூரியில் நான் ஒருவன்தான். பிள்ளைகள் எனக்கு ‘திருப்தி சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பகல் வகுப்புப் பிள்ளைகள் தாராளமாகத் திட்டியிருந்தார்கள். பரீட்சையிலிருந்து நூலகத்து மேசை வரை எதையும் விடவில்லை. மாலை வகுப்பு மட்டும் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. முதியோரைப் பராமரிக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அது. எல்லோரும் பகலெல்லாம் எங்கேயோ உழைத்துவிட்டு வருகிறவர்கள். முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் பேனர் கட்டச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் உறுத்தியது. மாலையில் கேன்டீன் மூடிக் கிடக்கும். அதற்கு எப்படி ஐந்து போட்டார்கள்?

ஒரு மாலை போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மாடிப்படியில் விளக்கு இல்லை. நோயாளி என்று படுக்க வைத்துப் பழகும் பொம்மைக்கு ஒரு கை இல்லை. பகல் வகுப்பு முடிந்ததுமே காவலாளி கழிப்பறையைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார். வகுப்பு கலைந்ததும் ஒரு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர், என் வயதுதான் இருக்கும்.

“குறை சொன்னா வகுப்பையே எடுத்துருவாங்க சார். தையல் வகுப்பு அப்படித்தானே போச்சு? பாத்ரூம் இல்லாட்டி அடக்கிக்கலாம். வகுப்பு இல்லாட்டி நாங்க எங்க போறது?” என்றார்.

எனக்கு அன்றிலிருந்து நிம்மதி இல்லை. உண்மையை எழுதினால் அவர் பயந்ததே நடந்துவிடலாம். எழுதாவிட்டால் அந்தப் பூட்டு அப்படியே தொங்கும். மறுபடி போய் அவர்களிடமே கேட்டுவிட்டேன். தங்களுக்குள் வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். கடைசியில் சலவைக்கூடத்து அம்மா எழுந்து, “எழுதுங்க சார். ஆனா வகுப்பு வேணும்ங்கறத முதல்ல எழுதுங்க. பாத்ரூமெல்லாம் அதுக்கு அப்புறம்” என்றார். அப்படியே எழுதினேன்.

முதல்வர் படித்துவிட்டு முகம் சுருங்கிப்போனார். “நல்லா வந்திருக்கறத ஏன் சார் நோண்டுறீங்க?” என்றார். நான் யாரிடமும் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை என்று உன் அம்மா எப்போதும் குறைபட்டுக்கொள்வாள். அன்றைக்கு எப்படியோ வாய் வந்துவிட்டது. “ஒரு சாயங்காலம் நீங்களே வந்து பாருங்க சார்” என்றேன்.

வந்துவிட்டார். போன் வெளிச்சத்தில் படியேறினார். கையில்லாத பொம்மைக்கு அவர்கள் சட்டை மாட்டிவிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாதி வகுப்பில் என்னைத் தனியாக அழைத்து, பாத்ரூம் எங்கே என்று காதோடு கேட்டார். பூட்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நானும் முடிந்தவரை அடக்கிக்கொண்டேன்.

மறுநாளே பூட்டு போய்விட்டது, படிக்கு விளக்கும் வந்துவிட்டது. பேனர் கட்டவில்லை. அடுத்த வருஷம் வகுப்பு உண்டா என்று கேட்டால் “பார்க்கலாம்” என்கிறார். பொம்மைக்குக் கை வரவில்லை.

இப்போது அந்த அம்மா என்னைக் கண்ட இடத்தில் நிறுத்தி, “திருப்தி சார், நாற்காலி ஆடுது. டீச்சர் ரொம்ப வேகமா பேசுறாங்க” என்று அடுக்குகிறார். பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு அவசரமாகப் போய் என்ன செய்யப்போகிறேன்? யாராவது நம்மிடம் நின்று குறை சொன்ன நாளில் வீடு வரைக்கும் நடை லேசாக இருக்கிறதம்மா.

அம்மா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டுவாய். அறைத்தோழி விளக்கை அணைக்கமாட்டாள், மேலாளர் மூஞ்சியைக் காட்டுகிறார், குளிர் எலும்புக்குள் போகிறது. நான் பக்கத்தில் பேப்பர் படிப்பதுபோல் எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் போன் என் கைக்கு வரும். “நல்லா இருக்கேன்ப்பா, நீங்க?” என்பாய். இப்போது போன் நேராக என்னிடமே வருகிறது. அந்த ஒரு வரியைத்தான் சொல்கிறாய். நானும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். பிறகு வெகுநேரம் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா மாதிரி ஆறுதல் சொல்ல எனக்கு வராது. கேட்டுக்கொள்ள வரும். அந்த மேலாளர் இன்னும் அப்படித்தான் இருக்கிறாரா? வருகிற ஞாயிறு ஒரு குறையாவது சொல்லம்மா. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் இதைக் கேட்கிறேன்.

உன் அப்பா