மூன்று அவுன்ஸ் ஈயம்

மாமா,

நேற்று மாலை நம் வீட்டில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. கொல்லையில் துணி உலர்த்தும் கொடி அறுந்துவிட்டது. புதுக்கயிறு வாங்குவதா, அறுந்ததை முடிந்துகொள்வதா என்று நானும் மரகதமும் காபி ஆறும்வரை விவாதித்தோம். வாங்கும் கட்சிக்கு உங்கள் மகள் தலைமை தாங்கினாள், முடியும் கட்சிக்கு நான். இரண்டும் தோற்றன. பரண்மேல் கிடக்கும் உங்கள் தகரப்பெட்டியிலிருந்து தடித்த நைலான் நரம்பை எடுத்துக் கட்டுவது என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. உங்கள் இளைய மகள் கற்பகம் அப்போது மாவாட்டிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

பெட்டியைத் திறந்ததும் அரக்கும் உப்பும் கலந்த ஒரு வாசனை வந்தது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது, வாசனை மட்டும் போகவில்லை. நரம்புச் சுருள் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த காகிதத்தோடு பிரிக்காமல் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பரண் ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். மரகதம் கீழிருந்து, "பல்லியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நம் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. நெய்தவர் புடவை கொண்டுவரமாட்டார்கள், பார்த்து வாங்கும் உங்களுக்கும் வேலை இல்லை. ஆகவே உங்களுக்கு வாய்த்த ஓய்வு நாள், நம் தெருவில் மீன் என்ற சொல்லையே உச்சரிக்காத நாளாக அமைந்தது. அதற்குப் பஞ்சாங்கம்தான் பொறுப்பு. கடற்கரையில் நின்று தூண்டில் வீசுவது உங்கள் ஆசை. "சமுத்திரத்துல அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணிட்டு வரேன்" என்பது நீங்கள் அத்தையிடம் சொன்ன காரணம். மூன்று துண்டாகக் கழற்றிய மூங்கில் கோலை நீளமான குடைப்பையில் வைத்து, விடியலில் மகாபலிபுரம் பஸ்ஸுக்குப் புறப்படுவீர்கள். பால் வாங்க வந்தவர்கள் உங்களுக்கு எழுந்து வழிவிடுவார்கள். கல்யாணமான முதல் வருஷத்திலேயே அந்தப் புண்ணிய யாத்திரையில் என்னையும் சேர்த்துக்கொண்டீர்கள். பொய் சொல்லக்கூடாது, நீங்கள் ஒரு கை தண்ணீர் எடுத்து விடத்தான் செய்தீர்கள். அதன் பிறகு கோலை மாட்டுவீர்கள். கிடைத்த மீனைக் கரையில் யாருக்காவது கொடுத்துவிட்டு வருவோம்.

முன்நரம்பு கட்டுவது என் வேலை. கோலில் மாட்டிய சக்கரத்தில் சுற்றியிருப்பது மெல்லிய நரம்பு, மெலிந்திருந்தால்தான் தூரம் போகும். ஆனால் ஈயக்குண்டை விசிறி எறியும் அந்த ஒரு நொடியில் முழு இழுப்பும் நரம்பின்மேல் விழுகிறது, மெல்லியது தாங்காது. அதனால் குண்டுக்குப் பக்கத்தில், கோலின் நீளத்துக்கு மேலேயே, சக்கரத்திலும் நாலைந்து சுற்று விழும்படி, தடித்த நரம்பு ஒன்றை முன்நரம்பாக இணைக்க வேண்டும். மூர் மார்க்கெட்டில் பழைய சக்கரத்தை விற்றவன் கணக்கும் சொல்லியிருந்தான்: ஓர் அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்து பவுண்டு தாங்கும் நரம்பு. பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவனுக்கு இது விளங்காமல் இல்லை. தடித்த நரம்பில் ஒரு கண்ணி போட்டு, மெல்லியதை அதற்குள் விட்டு, அதன்மேல் பல சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு இறுக்குவேன். அமாவாசையில் எச்சிலா என்று நீங்கள் முகம் சுளித்ததால் தீர்த்தச் செம்பிலிருந்து ஒரு சொட்டு விட்டுக்கொள்வோம்.

முடிச்சு வலுவாக இருந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. வீசும்போது கோலின் வளையங்களில் டக்டக் என்று தட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு தட்டுக்கும் உங்கள் முகம் மாறுவதைக் கவனித்திருக்கிறேன். புடவையின் உள்பக்கத்தில் நகத்தை ஓட்டி, ஒரு முடிச்சு தட்டினாலும் கூலியைக் குறைத்தவர் நீங்கள். பட்டில் முடிச்சு குற்றம். அறுந்த இழையின் இரண்டு முனைகளையும் ஈரவிரலால் முறுக்கி ஒன்றாகப் புணைக்க வேண்டும், தறியின் அச்சில் நுழைந்து போனாலும் இணைத்த இடம் தெரியக்கூடாது.

ஆனால் மாப்பிள்ளையிடம் மாமனார் குற்றம் சொல்வது நம் குடும்பத்தில் கிடையாது. "ரொம்ப நல்லா கட்டியிருக்கீங்க மாப்ளே" என்பீர்கள். நான் டீ வாங்கப் போகும்போது அதை அவிழ்த்து, பட்டிழை மாதிரி முறுக்கிப் புணைத்து, மேலே துளி அரக்கு உருக்கி வைத்துவிடுவீர்கள். திரும்பி வந்து பார்ப்பேன். நைலான் வழுக்கும், பட்டு மாதிரி ஒன்றையொன்று பிடிக்காது என்று எனக்குத் தெரியும். மாமனாரிடம் மாப்பிள்ளை குற்றம் சொல்வதும் நம் குடும்பத்தில் கிடையாது.

"சரியா இருக்குதா மாப்ளே?"

"உங்களுக்குத் தெரியாததா மாமா."

இரண்டு பண்பாளர்கள் மாறிமாறி மரியாதை செய்துகொண்டதில் ஒரு வருஷம் போயிற்று. குண்டு சின்னது என்பதால் அரக்கு தாங்கியது.

இதற்கிடையே, உங்கள் பக்தி ஊறிய வீட்டில் பெண்ணெடுக்க எதிர்வீட்டு ஏகாம்பரம் ஆசைப்பட்டார். ஜரிகை வியாபாரி, கந்தபுராணம் கேட்காமல் தூங்காதவர். அவர் மகனுக்கு நம் கற்பகம் என்று பேச்சு முடிந்து, மாசியில் தாம்பூலம் மாற்றுவதாக இருந்தது. கற்பகம் அந்தப் பையன் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்குக் கோலமாவு எடுத்துக்கொண்டு போவாள், சாயங்காலமாக இருந்தாலும்.

அந்தத் தை அமாவாசைக்குக் கடல் கொந்தளித்தது. அலைகளைத் தாண்டி விழவேண்டும் என்று மூன்று அவுன்ஸ் குண்டை எடுத்தீர்கள். நான் கட்டினேன், நீங்கள் அவிழ்த்துப் புணைத்தீர்கள், கேட்டீர்கள், நான் அதையே சொன்னேன். உடம்பை முறுக்கி வீசினீர்கள். புணைத்த இடம் பாதி வீச்சில் நழுவியது. கோல் லேசாகிவிட்டது. குண்டு கடலுக்குப் போகவில்லை, வலப்பக்கம் கரையோடு போயிற்று. அங்கே முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று தர்ப்பணம் செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவரின் கையிலிருந்த பித்தளைச் செம்பு ணங்கென்று தெறித்து விழுந்தது. ஒரு சாண் மேலே போயிருந்தால் தலை.

அவர் எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். அப்போதுதான் முகம் தெரிந்தது, ஏகாம்பரம். உங்களைப் பார்த்து அவரும் சமுத்திர ஸ்நானத்துக்குக் கிளம்பியிருக்கிறார், அடுத்த பஸ்ஸில். நாம் ஒரு படகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லித்தரும் நான், ஊரே வழிவிடும் நீங்கள். கூட்டம் கலைந்த பிறகு ஈரமணலில் குண்டைத் தேடி எடுத்து மடியில் முடிந்துகொண்டீர்கள்.

செம்பின் நெளிவைப் பார்த்த புரோகிதர், பெரியவர்கள் தண்ணீரை ஏற்கவில்லை, வீட்டில் புதிதாக நடக்கப்போவது ஏதோ அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றாராம். புதிதாக நடக்கப்போவது ஒன்றுதான் இருந்தது. கொஞ்சம் பொறுப்போம் என்று சொல்லி அனுப்பினார் ஏகாம்பரம். அத்தை அழுதாள். கற்பகம் சைக்கிள் மணி கேட்டால் உள்ளே போனாள்.

அந்த வாரம் ஒரு நாள், வாசல் விளக்கை ஏற்றிவிட்டு என்னிடம் கேட்டீர்கள்.

"போய் சொல்லிடலாமா மாப்ளே?"

உண்மை சொல்வதைப் பற்றி என்னிடம் அலமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன. உங்களிடம் இரண்டு பெண்கள் இருந்தார்கள், அதில் ஒருத்தியின் வாழ்க்கை அந்தக் கேள்வியில் இருந்தது. நான் சொன்னேன்:

"உங்களுக்குத் தெரியாததா மாமா."

நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு துண்டை மாற்றிக்கொண்டு தெருவைக் கடந்தீர்கள். நானும் பின்னால் வந்தேன், மரியாதைக்கு.

குண்டை அவர் முன் பலகையில் வைத்து, "உங்க பெரியவங்க ஒண்ணும் சொல்லலீங்க. இது என் ஈயம்" என்றீர்கள். ஏகாம்பரம் அதை எடுத்து, நெளிந்த செம்பின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது. முதலில் அவர் முகத்தில் வந்தது நிம்மதிதான், அதை நான் பார்த்தேன். "அப்ப எங்கப்பா கோவிச்சுக்கல" என்றார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு உறைத்தது. அமாவாசை. குடைப்பை. இத்தனை வருஷம்.

"பெரியவங்க குத்தம்னு சொல்லியிருந்தீங்கன்னா ஒரு பரிகாரம் பண்ணிக்கினு தாம்பூலம் மாத்தியிருப்பேன்" என்றார், குரலை உயர்த்தாமல். "இதுக்கு நான் இன்னா பரிகாரம் பண்றது, சொல்லுங்க."

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் செம்பைப் பார்த்தேன்.

பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் எதிர்வீட்டில் விசாரிப்பது நம் ஊர் வழக்கம். ஏகாம்பரம் நேர்மையானவர், உங்களைப் போலவே. வாலாஜாபாத்திலிருந்து வந்தவர்களுக்கும் நடந்ததைச் சொன்னார், திருப்புட்குழியிலிருந்து வந்தவர்களுக்கும் சொன்னார். கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. வந்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

அதற்குப் பின் ஒருநாள் நீங்கள் மட்டும் மெட்ராஸ் போய் இந்தத் தடித்த சுருளை வாங்கி வந்தீர்கள். "இனிமே ஒழுங்கா கட்டணும் மாப்ளே" என்றீர்கள். நாம் பிறகு கடலுக்குப் போகவே இல்லை. நான் கட்டிய முடிச்சுதான் சரி என்று நீங்கள் என்னிடம் ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவை. அப்போது நான் சும்மா சிரித்தேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சிரிப்பும் உங்கள் கேள்வியும். கேள்விக்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். போகச் சொல்லியிருக்கவேண்டுமா, தடுத்திருக்கவேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய்க் கற்பகத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அது மட்டும் தெரிகிறது.

நேற்று நரம்பைக் கொல்லைச் சுவரின் இரண்டு கொக்கிகளுக்கும் இழுத்துக் கட்டினேன். மாவு அரைத்த கையைத் துடைத்துக்கொண்டு கற்பகம் வந்து நின்றாள்.

"இது தாங்குமா மாமா?"

வாய் வரைக்கும் அந்தப் பழைய வாக்கியம் வந்தது. "நீயே இழுத்துப் பாரும்மா" என்றேன். உடம்பைச் சாய்த்து இழுத்துப் பார்த்தாள். பிறகு துவைத்த புடவைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட்டாள்.

ஏகாம்பரத்தின் மூத்த பேரன் இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு. கற்பகத்துக்கு வருகிற ஆவணியில் முப்பத்தாறு முடிகிறது.