குழிமேட்டுக்குக் கல்

ஹாக்ஸ்கீன் முகாம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லேனி,

முழங்கால் வலி குறைந்ததா? ஆடுகள் சுகந்தானே? இடுப்பைத் தவிர நானும் சுகந்தான்.

வேகச் சாதனைக்காக அந்தக் கார் ஓடப்போகும் பாலைத் தரையில் இன்னும் குனிந்து கல் பொறுக்குகிறோம். மணிக்கு ஆயிரம் மைல் பறக்குமாம். நகத்தளவு கல் கிடந்தாலும் ஆபத்தாம். பொறுக்கியதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் மலையாய்க் குவிந்து கிடக்கிறது.

ஒரு செய்தி, பயந்துவிடாதே. எங்களோடு பொறுக்கிய யாகோப் அண்ணன் போன வாரம் வெயிலில் சுருண்டு விழுந்தார். எழவில்லை. இங்கேயே புதைத்தோம். நரி தோண்டாமலிருக்க மேலே கல் அடுக்க வேண்டுமே! சுற்றிலும் ஒரு கல் இல்லை. நாங்கள்தானே துடைத்துவைத்தோம். வேலிக்குப் போய்க் கேட்டோம்.

"அதெல்லாம் கணக்குல ஏத்துன கல்லு, தொடக்கூடாது," என்றார் மேற்பார்வையாளர் ஃபூரி.

யாகோப்பின் மனைவி சன்னா விடவில்லை. "எம் புருசன் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குனது ஐயா. அவரு மேல போட நாலு கல்லு கிடையாதா?"

"அதுக்குத்தான் கூலி குடுத்தாச்சேம்மா."

அதன்பிறகு யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. இப்போது பொறுக்குவதில் பாதிதான் சாக்குக்குப் போகிறது. மீதி எங்கள் கால்சட்டைப் பைக்குள்.

வரும் லாரியில் நீ போர்த்தும் போர்வையைக் கொடுத்துவிடு, துவைக்காமல். என் காக்கிக் கால்சட்டைக்கு இரண்டு பக்கமும் ஆழமாய்ப் பை தைத்து அதையும் அனுப்பு. கெட்டித் துணியாக இருக்கட்டும். அண்ணனின் தலைமாட்டை மூடிவிட்டோம். கால்மாடு இன்னும் திறந்தே கிடக்கிறது.

லாரிக்காரன் கத்துகிறான்.

உன் டாவிட்