மேசை சொன்ன பதில்

ஜூன் 3
நான் கட்டும் தொடுதிரை மேசையின் நான்காவது லேசரும் இன்று மூலையில் உட்கார்ந்துவிட்டது. கண்ணாடிப் பரப்புக்கு மேல் ஒரு நூலிழை உயரத்தில் வெளிச்சம் விரிகிறது, கண்ணுக்குத் தெரியாது. விரல் பட்டால், அடியில் இருக்கும் கேமராவுக்கு மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். புரொஜெக்டர் கீழிருந்து படம் காட்டும். அவ்வளவுதான் சங்கதி. எதிர்வீட்டு இன்ஜினீயர் எட்டிப் பார்த்து, "டச் ஸ்க்ரீன் கடையில ரெடியாவே கிடைக்குதே சார்" என்றார். கிடைக்கும். அவருக்கு எல்லாமே கடையில்தான் கிடைக்கும்.

ஜூன் 7
மகள் வந்தாள். அதே பேச்சு. "அம்மா எங்கூட இருக்கணும்னு நினைக்கிறாங்கப்பா." உனக்கு யார் சொன்னது? பக்கவாதம் வந்ததிலிருந்து என் மனைவிக்குப் பேச்சில்லை. எதைக் கேட்டாலும் தலையை ஒரே மாதிரி ஆட்டுகிறாள். இரண்டு வீட்டின் படமும் ஒட்டிய அட்டையை நீட்டினால் கை நடுங்கி எங்கோ நிற்கிறது. மகள் வீட்டில் நின்றது என்கிறாள் மகள். இந்த வீட்டில் என்கிறேன் நான். அதனால்தான் மேசை. அதற்கு யார் மேலும் பாசம் கிடையாது. "மேசை சொல்லட்டும், அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டேன்.
வாசலில் நின்று, "ஜன்னலையாவது தொறந்து வைங்க. அம்மா இருட்டுலயே கிடக்கிறாங்க" என்றாள். வெயில் பட்டால் கேமராவுக்கு எல்லாமே வெள்ளை. சொன்னால் புரியவா போகிறது?

ஜூன் 15
என் பத்து விரலுக்கும் பத்துப் புள்ளி! யாரிடம் காட்டுவது?

ஜூன் 16
அவளை நாற்காலியோடு உருட்டி வந்தேன். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். கையை வைத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. "விரலை நீட்டு... நீட்டுடி, கொஞ்சம் நீட்டேன்!" கத்திவிட்டேன். எங்கே நீட்டுவாள்? வலது கை பக்கவாதத்தில் விழுந்துவிட்டது. இடது கை விரல்கள் மூட்டுநோயில் எப்போதோ மடங்கிப்போனவை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சீ, என்ன மனுஷன் நான்.

ஜூன் 17
மேசைப் பக்கம் போகவில்லை.

ஜூன் 21
விரல் நுனியைவிடப் பெரிதாக எது பட்டாலும் தள்ளிவிடு என்று புரோகிராமில் எழுதியதே நான்தான். முழங்கை தவறிப் பட்டால் குழப்பம் வரக்கூடாதே என்று. அவள் கையையும் அப்படியே தள்ளியிருக்கிறது. யாருக்காகக் கட்டினேன் இதை? அந்த வரியை எடுத்தேன். அவள் கை மொத்தமாக ஒரே புள்ளியாக வந்தது. பட்ட இடத்தில் ஒரு பூ விரிய வைத்தேன். அவள் வாயின் ஓர் ஓரம் மேலே போனது.

ஜூன் 22
மகளை வரவழைத்தேன். இடப்பக்கம் இந்த வீடு, வலப்பக்கம் மகள் வீடு. "உனக்கு எங்க இருக்கணும்?" என்று கேட்டேன். கை நகர்ந்து வலப்பக்கம் இறங்கியது. படங்களை இடம் மாற்றினேன். இடப்பக்கம் போனது. லேசர்களைத் துடைத்தேன், திரும்ப அளவெடுத்தேன், கேட்டேன். மறுபடியும் மகள் வீடுதான். "போதும்பா" என்றாள் மகள். "இரு, எங்கயோ கோளாறு இருக்கு."
கடைசி முறை கையை எடுக்கவே இல்லை. அந்தப் படத்தின் மேலேயே வைத்திருந்தாள்.
ஏன் என்று கேட்டிருக்கலாம். பதிலுக்கு என்னிடம் படம் இல்லை.

ஜூன் 28
மேசையைப் பிரித்து வண்டியில் ஏற்றி, மகள் வீட்டில் நானே மாட்டிக் கொடுத்தேன். இனி அவளுக்கு வாய் அதுதானே. "நீங்களும் இங்கயே இருந்துடுங்கப்பா" என்றாள் மகள். "எனக்கு என் வீடு இருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?
தண்ணீர், வலி, தூக்கம், பாட்டு என்ற படங்களோடு ஒரு மூலையில் என் முகத்தையும் போட்டேன். அதைத் தொட்டால் என் போன் அடிக்கும். தொட்டுப் பார்த்தேன். அடித்தது.

ஜூலை 9
மகள் போனில் பேசினாள். மேசை நன்றாக வேலை செய்கிறதாம். அம்மா தண்ணீர் கேட்கிறாளாம், பாட்டு போடச் சொல்கிறாளாம்.
"வேற எதையாவது தொட்டாளா?"
"தொடுவாங்கப்பா" என்றாள்.
மேசையில் என் முகம் இருக்கும் அந்த மூலை சரியாக வேலை செய்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அளவெடுத்தது நான்தான்.