வீரனுக்கு அம்மாவாக நின்றேன்

அன்புள்ள அம்மா,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக் கதை விளையாடும் குழுக்களுக்கு, அந்தப் பாத்திரமாகவே பேசக் கற்றுத்தருவதுதானே என் வேலை? போன வாரம் ஒரு குழுவில் பிளம்பர் ஒருவர். ஆள் மலை மாதிரி, பேச்சுதான் வராது. "என் வீரன் சண்டைக்குப் போறான்" என்று பாடம் ஒப்பிப்பார். அவரைக் கழற்றிவிடக் குழுவினர் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"குரலை மாத்த வேணாம். எதிர்ல நிக்கிறவங்களுக்குப் பதில் சொல்லுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு, நானே அந்த வீரனின் அம்மாவாகி வழியை மறித்தேன். உன் குரல் தானாக வந்துவிட்டது. "இப்படிச் சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பினா எப்படிடா?"

"சொன்னா நீ அழுவியேம்மா. அப்புறம் எனக்குக் கால் நகராது" என்றார் அவர். வீரனாகவே பேசிவிட்டோம் என்று பிறகுதான் அவருக்கு உறைத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரித்ததில்தான். இப்போது அவர் அடுத்தவரைப் பேசவே விடுவதில்லை!

ஒரு உதவி. நீ அப்பாவைத் திட்டும்போது போனில் பதிவுசெய்து அனுப்பு. வேலைக்குத்தான். நீளமாக இருந்தால் நல்லது.

அடுத்த குழு கதவைத் தட்டுகிறது, போகிறேன்.

உன் மகள்