நிலக்சன் வாங்கின துவக்கு

யூன் 19, புதன்

கதவுக்குப் புதுப் பூட்டுப் போட ஒரு ஜேர்மன்காரன் வந்தான். வேலை முடிந்து கை கழுவும்போது, நகை எங்கே வைத்திருந்தது என்று மகனிடம் கேட்டான். நிலக்சன் வாய் திறக்க முதலே அவனே சொன்னான், "அரிசிக்குள்ளேயா?" இந்த வருசம் அவன் பூட்டு மாற்றின தமிழ் வீடுகளில் இது நாலாவதாம். நாங்கள் கெட்டித்தனமாக ஒளிக்கிற இடம் பூட்டுக்காரனுக்கே தெரியுது. கள்ளனுக்குத் தெரியாதா?

போன ஞாயிற்றுக்கிழமை ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் தேர். சனத்துக்குள் நகை அறுக்கிறாங்கள், போட்டுக்கொண்டு வராதேங்கோ என்று எல்லாரும் சொல்ல, என்னுடைய மனிசி பாலாம்பிகை தாலிக்கொடியைக் கழற்றி அரிசி வாளிக்குள் தாட்டுவிட்டு வந்தவள். வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தால் குசினி நிலம் முழுக்க அரிசி, கொடியைக் காணவில்லை. கூட்டி அள்ளினது நான். அதைச் சமைக்கவும் அவளுக்கு மனமில்லை, எறியவும் மனமில்லை. மூலையில் பையோடு கிடக்குது.

பிழை பிழையாகத்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் போகாதவன். அகதி முகாமில் வேலை செய்ய விடாத அந்தக் குளிர்காலத்தில் கூட இருந்த யோசேப்பு காட்டித் தந்த எழுத்துத்தான் இது. எனக்கு ஒன்றும் மறக்கிறதில்லை, அதுக்காக எழுதவில்லை. வீட்டில் சொல்ல ஏலாததை எழுதுகிறேன்.

யூன் 23, ஞாயிறு

வாசலில் தொங்கின பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணத்தை நிலக்சன் பிடுங்கிக் குப்பையில் போட்டான். "தமிழ் வீடெண்டு நாங்களே போட் எழுதித் தொங்கவிட்டிருக்கிறம்" என்றான். பின்னேரம் பார்த்தேன், தோரணம் பழையபடி கதவில். பாலாம்பிகை கழுவித் துடைத்துக் கட்டியிருக்கிறாள்.

யூலை 8

பொலிஸ்காரி நிலக்சனுக்குச் சொன்னவளாம், சில வேளை அவங்கள் திரும்பியும் வருவாங்கள் என்று. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

பார்சல் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். என்ன என்று தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

கைத்துவக்கு. குண்டு போகாது, சத்தமும் கண்ணெரிகிற புகையும்தான் வரும். பார்வைக்கு மட்டும் அசல். வீட்டுக்குள் வைத்திருக்க அனுமதிக் காகிதம் ஒன்றும் தேவையில்லையாம், வயது வந்தால் போதும். இன்ரநெற்றில் இருந்ததில் ஆக மலிந்தது இதுதானாம். மருமகள் தேனுஜா நிலக்சனிடம் கேட்டாள், "ஏனப்பா, உயிரைக் காக்கிற சாமானையும் அங்க மலிவு விற்பனையிலயோ வாங்கினனீங்கள்?" அவன், "காட்டினாலே ஓடிடுவாங்கள். வெடிக்கத் தேவையில்லை" என்றான்.

வெடிக்கத் தேவையில்லாத துவக்கு. இதென்ன கதை?

ஓகஸ்ட் 11, ஞாயிறு

கெல்லரில் வெடித்துப் பார்த்தான். என்னையும் கூப்பிட்டான். நிலத்துக்கடி அறை, முதல் வெடிக்கே காது அடைத்துப்போச்சு. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதுக்கு விசை போகவில்லை. வெடித்த தோட்டாவின் வெறும் கோது வெளியில் வராமல் வாயில் கடிபட்டுக் கிடந்தது. ஸ்க்ரூட்றைவரால் கிண்டி எடுத்தான்.

"புதுசு, இறுக்கம். எண்ணெய் போட்டால் சரி" என்றான். மேலே வந்து தையல் மெசின் எண்ணெய் போட்டான். பிறகு வெடித்துப் பார்க்கவில்லை. தோட்டா வீண் என்று சொன்னான். திரும்பவும் சிக்கினால் என்ன செய்கிறது என்ற பயம் என்று நான் நினைக்கிறேன்.

ஓகஸ்ட் 12

இன்று அவனை இருத்திவைத்து என்னுடைய தமையன் கனகரத்தினம் அண்ணையின் கதையைச் சொன்னேன். சின்னனில் இருந்து கேட்டதுதான், திரும்பவும் சொன்னேன்.

எண்பத்தஞ்சாம் ஆண்டு கார்த்திகை மழை. முகத்துக்குத் துணி கட்டின ஆறு பேர் வீட்டுக்குள் வந்தாங்கள். அண்ணையிடம் வௌவாலுக்கு வெடி வைக்கிற ஒற்றைக்குழல் துவக்கு, லைசென்ஸ் உள்ளது. அவர் அதை நீட்டி விசையை இழுத்தார். டிக். அவ்வளவுதான். மழைக்குத் தோட்டா நனைந்துபோச்சு. எங்கட உலக்கையாலேயே அவரை அடிச்சுக் கொன்றாங்கள். நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றோம், எங்கள் மேல் ஒருத்தனும் கை வைக்கவில்லை. துவக்கைக் காட்டினவருக்குத்தான் அடி.

நிலக்சன் முழுக்கக் கேட்டான். கேட்டுப்போட்டுச் சொன்னான், "அப்பா, நனைஞ்ச தோட்டாவுக்குத் துவக்கு என்ன செய்யும்? நல்ல தோட்டா எண்டால் பெரியப்பா இருந்திருப்பார்."

இவ்வளவு காலமும் இந்தக் கதையைச் சொல்லி வாறன். ஒருத்தரும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை.

ஒக்ரோபர் 12, சனி

சரஸ்வதி பூசை. சாமித் தட்டுக்கு முன்னால் கார்த் திறப்பு, தேனுஜாவின் கொம்பியூட்டர், துளைக்கிற மெசின், கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாக வைத்தாயிற்று. நிலக்சன் மேலே போய்த் துவக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். "ஆயுத பூசையில ஆயுதமெண்டு சொல்ல இது ஒண்டுதான் இருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாலாம்பிகைக்கு அது என்ன சாமான் என்று சரியாக விளங்குதோ தெரியாது. மற்றதுகளுக்கு வைத்த மாதிரியே பிடியில் ஒன்று, மேலே ஒன்று, வாயில் ஒன்று எனச் சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தாள். செவ்வந்திப் பூவொன்று செருகினாள். பூசை முடிய நிலக்சன் ரிஸ்யூவால் துடைத்து எடுத்துக்கொண்டு போனான்.

நவம்பர் 6

நிலக்சன் ஆஸ்பத்திரியில். எழுத ஏலாது.

நவம்பர் 10, ஞாயிறு

கந்தசட்டி விரதம். செவ்வாய்க்கிழமை பாலாம்பிகையும் தேனுஜாவும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நிலக்சன் விடியவேலை முடிந்து வந்து மேலே படுத்திருந்தான். நான் கீழே கதிரையில். அஞ்சு மணிக்கே இருண்டுபோச்சு. நான் லைற் போடவில்லை. கண்ணுக்கு இதம் என்று இருட்டுக்குள்ளேயே இருந்தனான். வீட்டில் ஆளில்லை என்று அவங்கள் நினைத்திருக்க வேணும்.

தோட்டப் பக்கக் கதவு கறக் என்றது. இரண்டு பேர். ஒருத்தன் கையில் கதவைக் கிண்டித் திறந்த இரும்பு அலவாங்கு. எனக்கு வாய் வரேல்லை. கூப்பிடவும் ஏலேல்லை, எழும்பவும் ஏலேல்லை.

சத்தத்துக்கு நிலக்சன் படியால இறங்கி வாறான். கையில அது. லைற்றைப் போட்டான். "ஹால்ற்!" எண்டு கத்தினான். ஒருத்தன் வந்த வழியாலேயே பாய்ஞ்சு ஓடிட்டான். அலவாங்கு வைச்சிருந்த மற்றவன் மூலைக்குள்ள, மேசைக்கும் சுவருக்கும் நடுவில. போறதெண்டால் நிலக்சனைத் தாண்டித்தான் போகவேணும். சின்னப் பெடியன். முகம் பேயடிச்ச மாதிரி. துவக்கைப் பாத்துக் கையைத் தூக்கினான்கூட. நான் கண்டனான்.

நிலக்சன் விசையை இழுத்தான்.

டிக்.

இன்னொருக்கா இழுத்தான். டிக்.

அந்தப் பெடியன் கையை இறக்கினான். பிறகுதான் அலவாங்கு.

ஏன்டா இழுத்தனீ? கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறவனுக்கு ஏன்டா இழுத்தனீ?

நவம்பர் 12

இடப்பக்க மண்டையோடு. இரண்டு தரம் வெட்டித் திறந்திட்டாங்கள். கண் திறக்கவில்லை.

நவம்பர் 21, வியாழன்

கண் திறந்தான். எங்களைத் தெரியுது என்று நினைக்கிறேன். வலக்கையும் வலக்காலும் இல்லை. இருக்கு, ஆனால் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தேனுஜா கைப்பையைக்கூட இறக்காமல் குசினி வாசலில் நின்று கேட்டாள், "மாமி, ஏன் அந்தத் துவக்கு வாய்க்குள்ள சந்தனத்தை அப்பினீங்கள்?" பாலாம்பிகை சுளகைப் பிடித்தபடி நின்றாள். "நான் பொட்டுத்தானே பிள்ளை வைச்சனான்." "உங்கட பொட்டாலதான் அது வெடிக்கேல்லை. நீங்கள் எல்லாத்துக்கும் பொட்டு வைப்பீங்கள்." பிறகு அந்தப் பிள்ளை நிலத்தில் இருந்து அழுதது. நான் வெளியில் போய்க் குப்பை வாளியை றோட்டுக்கு இழுத்து வைத்தேன். நாளைக்குக் குப்பை எடுக்கிற நாளும் இல்லை.

டிசம்பர் 4, புதன்

பொலிஸில் இருந்து ஒருத்தர் வந்தார். தேனுஜாதான் தமிழில் சொன்னாள். துவக்கைக் கழற்றிப் பார்த்தவர்களாம். உள்ளுக்குத் தோட்டாவில் போய்க் குத்துகிற ஊசி முறிந்திருக்கு. அது இரும்பில்லை, பொம்மைக் கார் வார்க்கிற மாதிரிச் சாமான். எண்ணி இரண்டு மூன்று தரம் குத்தினால் முறியத்தான் செய்யும். சந்தனம் பற்றித் தேனுஜாவே கேட்டாள். வெளியில் கொஞ்சம் ஒட்டியிருந்ததாம், அதால் ஒன்றுமில்லையாம். சொல்லும்போது அவளுடைய குரல் இறங்கிப்போச்சு.

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். வீட்டில் ஆள் இருக்கென்று கண்டால் இவங்களில் கனபேர் ஓடுகிறவங்கள்தான். வழி விட்டால் போயிருப்பான். தேனுஜா இதை எனக்கு மட்டும் பிறகு சொன்னாள்.

நான் பாலாம்பிகையிடம் போனேன். "இஞ்சேர், உன்னில ஒரு பிழையும் இல்லை. ஊசி முறிஞ்சதாம், பொலிஸ் சொல்லுது." அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னப்பா கதைக்கிறியள்? அம்மாள் பிடிச்சு நிப்பாட்டினவ. என்ர பிள்ளை கொலைகாரனாகாமல் அவதான் வாயைப் பொத்தினவ. ஊசியாம். அப்ப அம்மாள் என்ன செய்தவ?"

பழியென்றாலும் அவளுக்கு அது வேணும்.

டிசம்பர் 15, ஞாயிறு

யோசேப்பு வந்திருந்தான். கிழவன், தடி ஊன்றிக்கொண்டு இரண்டு றாம் வண்டி மாறி வந்தான். கேக்கும் கொண்டுவந்தான். "நத்தாருக்கு முதலே சாப்பிட்டு முடிச்சிடு, சிங்கம். உன்ர சீனி வருத்தத்துக்கு நத்தார் வரைக்கும் இருப்பியோ தெரியாது" என்றான். கனநாளுக்குப் பிறகு சிரித்தேன்.

நிலக்சனைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வர, கனகரத்தினம் அண்ணையின் கதையும் வந்தது. மழை, துணி கட்டின முகம், டிக் எல்லாம் சொன்னேன். "தோட்டாவை அடுப்புக்கு மேல பறணில வைச்சிருந்தால் நனைஞ்சிராது. அண்ணை இருந்திருப்பார்" என்று முடித்தேன்.

யோசேப்பு கேக்கைக் கீழே வைத்தான். "சிங்கம், நீ முகாமில சொல்லேக்க இப்பிடிச் சொல்லேல்லை."

"எப்பிடிச் சொன்னனான்?"

"துவக்கைத் தொடாமல் விட்டிருந்தால் இருந்திருப்பார் எண்டு."

எனக்கு மறதி இல்லை. ஒரு சொல்லும் மறக்கவில்லை. அதே மழை, அதே ஆறு பேர். முடிவு மட்டும் வாயில் வேறையாக வருது. எந்த நாளில் இருந்து என்று யோசித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை.

ஜனவரி 18, சனி

நிலக்சன் வீட்டுக்கு வந்தான், சில்லுக் கதிரையில். சாப்பாட்டறையில் கட்டில் போட்டிருக்கு.

அவனுக்குப் பேச்சு ஒரு சொல்தான் வருது. ஓம். தண்ணி வேணுமோ? ஓம். வேண்டாமோ? ஓம். பேர் என்ன? ஓம். உள்ளுக்கு எல்லாம் விளங்குது, வெளியில் அந்தச் சொல்தான் வரும் என்று டொக்ரர் சொன்னவராம். கையையும் கண்ணையும் பார்த்துத்தான் என்ன சொல்கிறான் என்று பிடிக்கவேணும். தேனுஜா பிடித்துவிடுகிறாள். பாலாம்பிகை எல்லா ஓமுக்கும் சோறு குழைத்துக் கொண்டுவாறாள்.

பெப்ரவரி 2

பின் தெருவில் ஒரு துருக்கிக்காரர் வீடு. பட்டப் பகலில். இதே மாதிரித் தோட்டக் கதவால்.

பெப்ரவரி 6

தேனுஜா வேலைக்குப் போனால் பின்னேரம் வரைக்கும் நாங்கள் மூன்று பேர். ஒருத்தனுக்குக் கால் இல்லை. ஒருத்திக்கு முழங்கால் மடங்காது. மற்றது நான். வழி விட்டால் போயிடுவாங்கள் என்று அந்தப் பொலிஸ் மனிசன் சொன்னார். சரி. வழி விடவும் எழும்பி நகரவேணுமே. அவனைக் கட்டிலோடு எங்க நகர்த்திறது?

பெப்ரவரி 14, வெள்ளி

கால்வலிக் கிளினிக்கில் டெர்மீன், நேரம் தந்திருக்கு என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். வேட்டைச் சாமான் விற்கிற கடை, ஸ்ரேசனில் இருந்து பஸ் எடுக்கவேணும். கடைக்காரன் தாடிக்காரன், மரியாதையான ஆள். சத்தம் மட்டும் போடுகிற துவக்கு வேணும் என்று ஐடி கார்ட்டைக் காட்டினேன். முதல் எடுத்து வைத்ததைக் கையில் தூக்கிப் பார்த்தேன், பாரமில்லை. வேண்டாம் என்று தள்ளினேன். எனக்குத் தெரிந்த ஜேர்மனில், "முறியாதது, சிக்காதது" என்று கேட்டேன். அவன் உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தான். உருட்டுச் சில்லில் தோட்டா போடுகிறது, உருக்கு. கோது சிக்க வழியில்லை, விசை இழுத்தால் சுற்றும் என்று ஆறுதலாகக் காட்டித் தந்தான். பாரமாக இருந்தது. பென்சன் காசு முழுக்கப் போச்சு. போகட்டும்.

வீட்டுக்கு வர, பாலாம்பிகை குளித்துக்கொண்டிருந்தாள். நிலக்சன் மட்டும் முழிப்பு. அவனிடம் காட்டாமல் ஆரிடம் காட்டுகிறது? அவன்தானே முதல் ஆசைப்பட்டவன். பெட்டியைத் திறந்து அவனுடைய மடியில் வைத்தேன்.

"தம்பி, இது அந்த மாதிரியில்லை. உருக்கு. கடைக்காரன் சத்தியம் பண்ணுறான். இதை வைச்சிருக்கட்டோ?"

அவன் பார்த்தான். "ஓம்" என்றான். "ஓம். ஓம். ஓம்." சொல்லிச் சொல்லி இடக்கையால் பெட்டியைத் தள்ளினான். மடியை விட்டு விழுகிற மட்டும் தள்ளினான். கண்ணால் தண்ணி வடியுது.

குனிந்து எடுத்தேன். துடைத்தேன்.

"ஓம் எண்டனீ தானே" என்று சொல்லி, என்னுடைய கதிரைக்குப் பக்கத்து மேசை லாச்சியில் வைத்துப் பூட்டாமல் விட்டேன்.