ஆற்றுக்கு ஒதுக்கிய பணம்

சிம்பாங் ரெங்கம்
ஞாயிறு

அன்பு மகள் லோஷினிக்கு,

அப்பாவின் எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொள், ஆனால் பாதியில் நிறுத்திவிடாதே, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்துப் பிடித்துத்தான் உட்கார வைத்திருக்கிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் கவினும் சுகமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். இதை யாரும் எனக்காக எழுதவில்லை, கோயில் மண்டபத்து வகுப்பில் படித்து நானே எழுதுகிறேன்!

வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் நாற்றம் போகாமல் கவினை அழைத்து வர மாட்டேன் என்று போன தடவை சொன்னாய். பிள்ளைக்கு மூச்சு இளைப்பு, நீ சொன்னது சரிதான். தொழிற்சாலைக் கழிவு இன்னும் கறுப்பாகத்தான் வருகிறது. அதனால் பத்திரிகையில் நம் ஆற்றின் பெயரைப் பார்த்ததும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆற்றைச் சுத்தம் செய்ய அரசாங்கம் நிதி ஒதுக்கியது என்று போட்டிருந்தது. நீ சின்ன வயதில் தட்டில் கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்குவாயே, எனக்குத் தெரிந்த ஒதுக்குவது அதுதான். நம் ஆற்றையும் அப்படி ஓரங்கட்டிவிட்டார்கள் என்று கோபம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நம் ஊர்ப் பொது மண்டபம் பாலாய் ராயாவில் ஆற்றைப் பற்றிக் கூட்டம். சந்திரமதி என்ற அதிகாரி, நம் தமிழ்ப் பெண்தான், வந்திருந்தார். நான் எழுந்து, எங்க ஆத்தை ஏம்மா ஒதுக்குனீங்க என்று கேட்டுவிட்டேன். கூட்டமே சிரித்தது. அங்கிள், ஒதுக்குனாங்கன்னா இதுக்குன்னு காசு எடுத்து வெச்சிருக்காங்கன்னு அர்த்தம் லா, போன வருஷமே வெச்சாச்சு என்றார். வெச்ச காசு ஆத்துப் பக்கமே வரலையே, அப்ப ஓரமாத்தானே கெடக்கு என்றேன். அவரும் சிரித்துவிட்டார், அலமாக், ரெண்டு அர்த்தமும் சரியாப் போச்சு அங்கிள் என்று. வேலையை யாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கவே இவ்வளவு நாள் இழுத்துவிட்டதாம். புதன்கிழமை சேறு அள்ள இயந்திரம் வருகிறது, தொழிற்சாலைக் குழாய் வாயில் தண்ணீரைச் சோதிக்கும் கருவியும் மாட்டுவார்களாம். அன்றிலிருந்து அம்மா, படிச்சவர் வர்றாரு, வழி விடு என்று பூனையிடம்கூடச் சொல்கிறாள்.

இயந்திரத்தைப் பார்த்து மட்டும் நான் நம்பிவிட மாட்டேன். அடுத்த வாரம் ஆற்றங்கரையில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். நாற்றம் இருந்தால் இருக்கிறது என்றே எழுதுவேன், பேரனைப் பார்க்கும் ஆசையில் பொய் எழுத மாட்டேன். கவினுக்கு மருந்து கொடுக்க மறக்காதே, குளிரில் வெறுங்காலோடு விடாதே. முனியாண்டி சாமி உங்கள் மூவருக்கும் துணை இருப்பார். நாற்றம் போய்விட்ட அன்று நான் எழுதும் கடிதத்தில் ஒரே எழுத்துதான் இருக்கும், வா. அந்த எழுத்தை மட்டும் கோணாமல் எழுத இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா
சதாசிவம்