போடாமல் வைத்திருந்த ரத்து கார்டு

சிதம்பரம்,
திங்கட்கிழமை காலை.

அன்பு மகன் ஜெயப்பிரகாஷுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், டப்ளின் குளிரில் நீயும் நலமாக இருக்க நடராசர் துணையிருக்கட்டும். போனில் சொன்னால் “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம், தபாலில் நாளாகும் என்பதால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அம்மா இன்னும் பெண்ணாடத்தில்தான் இருக்கிறாள், உன் தங்கை இளவரசி சர்க்கரை ஆலை ஆபீசுக்குப் போய்விட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை, நானும் வரச்சொல்லி வற்புறுத்தவில்லை. சமையல் பரவாயில்லை, ரசம் மட்டும் அம்மா கைப்பக்குவத்துக்கு வரமாட்டேன் என்கிறது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டமாக இருக்கிறது.

வீரனும் மந்திரமும் படம் போட்ட உன் சண்டை ஆட்டக் கார்டுப் பெட்டியை உன் சிநேகிதன் ராபர்ட்டிடம் கொடுத்துவிடச் சொன்னாய், நானும் சரி என்றேன். அம்மா பெண்ணாடம் போனதிலிருந்து அதை எடுத்து வைத்துக்கொண்டு உனக்கும் சேர்த்து நானே ஆடிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியாது. நேற்று ராபர்ட் பெட்டியை வாங்கக் கடலூரிலிருந்து பைக்கில் வந்தான், மேசையில் பாதி ஆட்டம் கிடப்பதைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தான், கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். கடலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த புத்தி எங்கே போகும், முதலில் வந்த வண்டி முதலில் கிளம்ப வேண்டும் என்று கார்டுகளையும் போட்ட வரிசையிலேயே நடத்திக்கொண்டிருந்தேன். எதிராளியின் கார்டு என் வீரனைக் கொன்றுவிடும், அதைச் செல்லாமல் ஆக்கும் ரத்து கார்டின் முறை அதற்குப் பிறகுதான் வரும். அந்தக் கார்டே தண்டம் என்று நினைத்திருந்தேன். “கடைசியா போட்டதுதான் அங்கிள் மொதல்ல நடக்கும். அதுக்கு முன்னாடி, மேல எதாவது போடுறியான்னு எதிராளிய கேக்கணும்” என்றான். தனியாக ஆடுகிறவன் யாரைக் கேட்பது, அதை அவனிடம் சொல்லவில்லை.

புதிதாக ஓர் ஆட்டம் போட்டோம். நான் அடிக்கும் கார்டு ஒன்றைப் போட்டேன், அந்த அடி விழுந்தால் அவன் தோல்வி. அதன் மேல் தடுப்பு கார்டு ஒன்றைப் போட்டுவிட்டு, “இதுக்கு மேல எதாவது போடுறீங்களா அங்கிள்?” என்றான். என் கையில் ரத்து கார்டு இருந்தது. போட்டால் அதுதான் முதலில் நடக்கும், தடுப்பு போய்விடும், என் அடி விழும், ஆட்டம் முடியும், அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். இல்லப்பா என்றேன். ஆட்டம் பொழுது சாயும்வரை போயிற்று, கடைசியில் நான் தோற்றேன். கார்டுகளை அடுக்கும்போது என் கையில் மிஞ்சியிருந்த ரத்து கார்டை அவன் பார்த்துவிட்டான். பெட்டியைப் பழையபடி அலமாரியில் வைத்துவிட்டு, “அடுத்த ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கிறேன் அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, கோபமும் வந்தது, ஆனால் அவன் மேல் இல்லை. ஒரு கார்டைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்ததை உனக்கு நான் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ராபர்ட்டிடம் நீயே சொல்லிவிடு, பெட்டியை யாருக்கும் கொடுப்பதாக இல்லை, ஆட வந்தால் வரட்டும் என்று. உனக்கு வேண்டுமென்றால் நேரில் வந்து எடுத்துக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கும் அப்பா,
தட்சிணாமூர்த்தி